உப்புப் படகுகளின் பணிக்காலமும் ஓய்வும்

திண்டிவனத்துக்காரர்களுக்குச் சரக்குப் போக்குவரத்து என்றால் ரயிலும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரியும்தான் நினைவுக்கு வரும். நம் பழைய தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், மரக்காணத்தில், சரக்குப் படகுகள் வரிசையாக நின்ற காலம் ஒன்று உண்டு. அங்கே ஏற்றிய உப்பு வண்டியும் ரயிலும் ஏறாமல், தண்ணீர் வழியாகவே சென்னைப் பட்டணத்தின் நடுவில் போய் இறங்கியது. இதைச் சொன்னால் இளையவர்கள் நம்ப மறுக்கிறார்கள். என் பேரன், "கடல் வழியாகவா தாத்தா?" என்று கேட்டான். கடல் வழியாக இல்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே, கரையை ஒட்டியே ஓடிய பக்கிங்காம் கால்வாய் வழியாக.

மரக்காணம் தான் அந்தக் கால்வாயின் தெற்கு எல்லை. வடக்கே ஆந்திராவில் பெத்தகஞ்சாம் என்ற இடத்தில் கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களோடு அது சேருகிறது. அந்த வழியாகவே போனால் காக்கிநாடா வரைக்கும் படகிலேயே போய்விடலாம். சென்னைக்கு வடக்கே உள்ள பகுதி 316 கிலோமீட்டர், தெற்கே மரக்காணம் வரை 110 கிலோமீட்டர். நடுவில் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கூவம், அடையாறு, முட்டுக்காடு, பாலாற்று முகம் என்று எத்தனையோ நீர்நிலைகளைத் தொட்டும் குறுக்கே வெட்டியும் வருகிறது. கடைசியில் நம் பக்கம் இடையன்திட்டுக் கழிமுகம், அதற்குப் பின்னால் கழுவெளி ஏரி. ஏரி, கழி, கால்வாய் மூன்றும் ஒரே தண்ணீர்ப் பாதையாக இருந்த இடம் இது.

கால்வாயை வெட்டியது ஒரே ஆளுமில்லை, ஒரே காலமுமில்லை. 1801-இல் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வியாபாரியின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தூரத்துக்கு முதல் வேலை தொடங்கியது. அது தனியார் கால்வாய். படகுக்குச் சுங்கம் வசூலித்து லாபம் பார்ப்பதே நோக்கம். 1837-இல் கம்பெனி அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீட்டினார்கள். ஆனாலும் சென்னைக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் இணைப்பு இல்லாமல் இருந்தது. வடக்குக் கால்வாய்ப் படகு தெற்குக் கால்வாய்க்கு வரமுடியாது.

அந்தத் துண்டை வெட்டிய கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் பற்றி நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் இந்த இணைப்பை வெட்டினார்கள். அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவர் பெயரையே முழுக் கால்வாய்க்கும் வைத்துவிட்டார்கள். பஞ்ச காலக் கூலி என்ன தெரியுமா? சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்து நிர்ணயித்த கணக்குப்படி, ஓர் ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு ஓரணா. ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைப்பவன் உயிர் தரிக்க முடியாது என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். பிறகு கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். கால்வாய்க்குப் பிரபுவின் பெயர் நின்றது. அரைக் கிலோ தானியத்துக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. நான் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு புழங்கியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: கோப்பில் பெயர் வருவதற்கு முதலில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இத்தனை பாடுபட்டு வடக்கையும் தெற்கையும் இணைத்து முடித்தது 1878. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879. ஆக, கால்வாய் முழுசாக ஒரே பாதையாக ஆன நேரத்திலேயே அதன் போட்டிக்காரன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். ஆனாலும் படகுகள் உடனே சாகவில்லை. அடுத்த எண்பது, தொண்ணூறு வருஷம் ஓடின. காரணம், ரயில் திண்டிவனம் வழியாகப் போயிற்று. உப்பு மரக்காணத்தில் இருந்தது. நடுவே 35 கிலோமீட்டர் கட்டைவண்டிப் பாதை. உப்பு மலிவான சரக்கு. அவ்வளவு தூரம் வண்டிக் கூலி கொடுத்துக் கொண்டுவந்து, மறுபடி ரயில் கட்டணமும் கொடுத்தால் கட்டுப்படியாகாது. படகோ உப்பளத்தின் வாசலிலேயே வந்து நின்றது.

மரக்காணத்து உப்பின் வயசு சாதாரணமானதல்ல. சங்க காலத்தில் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் நம் திண்டிவனத்தை ஒட்டியது. அவனுடைய எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே பலரும் அடையாளம் காண்கிறார்கள். ஊரின் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளத்தைப் 'பேரளம்' என்று அவை குறிக்கின்றன. இன்றைக்கும் அங்கே மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தை மாசம் பாத்தி கட்ட ஆரம்பித்தால் மழைக்காலம் வரும்வரை வேலை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, சரித்திர வாத்தியார் தெற்குப் பிரான்சின் மிதிக் கால்வாயை மணிக்கணக்கில் நடத்தினார். ரிக்கே என்ற உப்புவரி வசூல் அதிகாரி கட்டியது அது. 1681-இல் முடிந்த 240 கிலோமீட்டர். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை. எத்தனை 'எக்லூஸ்', எத்தனை பாலம் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார். எக்லூஸ் என்றால் நம் ஊரில் 'லாக்' என்று சொன்னோமே, அந்த இரட்டைக் கதவு அடைப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டரில் அதே மாதிரி ஒரு கால்வாய் ஓடுவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அது ஆங்கிலேயர் எல்லையில் இருந்ததல்லவா! உப்பு வரி அதிகாரி வெட்டிய கால்வாயைப் படித்தோம். உப்பு ஏற்றிப்போன கால்வாயைப் படிக்கவில்லை.

உப்பு விஷயத்தில் புதுச்சேரிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1815-இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில், பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உரிமை ஆங்கிலேயருக்கு. அதற்குப் பதில் வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு. 1818-இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டுப் பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அளக்காரர்களுக்கு நஷ்ட ஈடாக வருஷம் 4,000 வராகன். ஆகவே என் பாட்டனார் காலத்தில் புதுச்சேரி வீட்டு ரசத்தில் கரைந்ததும் ஆங்கிலேயரின் உப்புதான்.

இனிப் படகுக்கு வருவோம். இந்தக் கால்வாய்ப் படகு கடல் தோணி போல வயிறு பெருத்ததல்ல. அடி தட்டையாக இருக்கும். ஆழம் குறைந்த தண்ணீரில் போகவேண்டுமென்றால் அப்படித்தான் கட்டமுடியும். நீளமாக, இரு முனையும் கொஞ்சம் எழும்பி, நடுவில் முழுக்கச் சரக்கு. பின்முனையில் சுக்கான். அதற்கு முன்னால் தென்னங்கீற்றில் ஒரு சின்னக் கூரை. அதுவே படகுக்காரரின் வீடு, சமையல்கட்டு, படுக்கை எல்லாம். ஒரு மண் அடுப்பு, ஒரு பானைத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பயணம் என்பதால் குடிதண்ணீரைக் கூடவே கொண்டுபோகவேண்டும்.

எஞ்சின் கிடையாது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, கழியின் நுனியைத் தோளில் வைத்து, படகின் விளிம்பில் முன்னிருந்து பின்னால் நடந்தே தள்ளுவார்கள். கரை நன்றாக இருக்கிற இடத்தில் கயிறு கட்டி, இரண்டு ஆள் கரையில் நடந்து இழுப்பார்கள். ஐரோப்பாவில் இந்த வேலையைக் குதிரை செய்தது. இங்கே மனிதன் செய்தான். மனிதன் நடக்கிற வேகமே படகின் வேகம். சுமையோடு நடக்கும்போது அதுவும் குறையும். மரக்காணத்திலிருந்து பட்டணம் 110 கிலோமீட்டர். எத்தனை ஆயிரம் அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாரதிதாசன் இந்தப் படகில் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் போயிருக்கிறார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டில் அந்த இரவுப் பயணத்தையும், படகை இழுத்துச் சென்றவர்களின் பாட்டையும் எழுதினார். அவரும் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் தமிழாசிரியர். நிலா வெளிச்சத்தில் படகுப் பயணம் என்றால் மற்றவர்கள் நிலாவைப் பாடியிருப்பார்கள். அவர் கயிற்றைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார்.

லாக் என்றேனே, அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கடலோரக் கால்வாயில் தண்ணீர் கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும். ஆறு குறுக்கிடும் இடத்தில் ஆற்று மட்டம் ஒன்று, கால்வாய் மட்டம் ஒன்று. திறந்து விட்டுவிட்டால் வற்றத்தின்போது கால்வாய்த் தண்ணீர் முழுக்க ஓடிப்போய்ப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆகவே முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி கட்டினார்கள். படகு தொட்டிக்குள் வரும், பின்கதவை மூடுவார்கள், முன்கதவில் உள்ள சின்ன மதகைத் திறந்து தண்ணீர் மட்டம் சமமாகும்வரை காத்திருந்து, முன்கதவைத் திறந்துவிடுவார்கள். பொதுப்பணித் துறையின் லஸ்கர் அதற்குக் காவல். படகுக்கு லைசென்சு உண்டு, சுங்கம் உண்டு. 1890-ஆம் வருஷத்து மாகாணச் சட்டமே இதற்காக இருந்தது.

எட்டு ஒன்பது வயசில் நான் இந்தப் படகுகளைப் பார்த்திருக்கிறேன். என் தாய்மாமா மரக்காணத்தில் உப்பள மேஸ்திரி. பெரிய லீவுக்கு அங்கே போவேன். 1959, 60 இருக்கலாம். கூடையில் உப்பைத் தலையில் தூக்கி, பலகை மேல் வரிசையாக ஏறி, படகில் கொட்டிவிட்டுப் பெண்கள் இறங்குவார்கள். காலெல்லாம் வெடித்திருக்கும். படகு நிறைய நிறையத் தண்ணீர் விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டே வரும். மழைத்தூறல் படாமல் மேலே கீற்றும் பனையோலைப் பாயும் போட்டுக் கட்டுவார்கள். மாமா ஒரு நாள் வயசான படகுக்காரர் ஒருவரிடம், "என்னா பெரியவரே, பட்டணம் எப்பப் போய்ச் சேருவீங்க?" என்று கேட்டார். "தண்ணி ஏறினா சீக்கிரம் மேஸ்திரி. காத்து வந்தா இன்னும் சீக்கிரம். ரெண்டும் இல்லன்னா இந்தக் காலு எப்பப் போய்ச் சேருதோ அப்ப" என்றார் அவர். மாமா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

உப்பு பலகையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மரம் ஊறி இறுகும் என்பார்கள். ஆணியைத்தான் தின்னும். ஆகவே வேலை குறைந்த காலத்தில் படகைக் கரையேற்றி, துருப்பிடித்த ஆணியை மாற்றி, பலகை இடுக்கில் பஞ்சும் கயிறும் திணித்துக் கலப்பத்து அடித்து, மேலே கீல் பூசுவார்கள். அந்தக் கீல் காய்ச்சும் வாசனையை நான் எங்கே முகர்ந்தாலும் மரக்காணம் ஞாபகம் வரும். தார் ரோடு போடும் இடத்தில்கூட.

உப்பு மட்டுமல்ல, விறகும் போயிற்று. செங்கல்பட்டு, தென்னார்க்காடு கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்குக் கட்டைகள் பட்டணத்து அடுப்புகளுக்கெல்லாம் படகில்தான் போயின. சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், வைக்கோல், கருவாடு. வடக்கிலிருந்து நெல்லூர்ப் பக்கத்து அரிசி. பட்டணத்தில் பேசின் பிரிட்ஜ் பக்கம் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ரயில்வே சரக்கு யார்டு ஒன்று இருக்கிறதே, உப்புக் கிடங்கு இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு உப்பு ஞாபகம் வரும்!

படகுகளை ஓய்வுக்கு அனுப்பியது எது? ஒன்றைச் சொல்லமுடியாது. பொதுவாக 1965, 1966 புயல்களைச் சொல்வார்கள். அந்தப் புயல்களில் கரைகள் உடைந்து, மண் சரிந்து, கால்வாய் பல இடத்தில் தூர்ந்துபோனது உண்மை. 1966 நவம்பர்ப் புயலில் மெரினா பக்கம் ஒரு சரக்குக் கப்பல் தரைதட்டி நின்றது. பட்டணமே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. கால்வாயில் எத்தனை படகு உடைந்தது என்று பார்க்கப் போனவர் யாருமில்லை. ஆனால் என் அபிப்பிராயம், புயல் ஒரு சாக்குத்தான். உடைந்த சாலையை மறுமாதமே செப்பனிடுகிற அரசாங்கம், உடைந்த கால்வாயைச் செப்பனிடவில்லை என்றால், அதற்கு முன்பே மனம் மாறிவிட்டது என்று அர்த்தம். லாரி வந்துவிட்டது. மரக்காணம் ரோடும் தார் ரோடு ஆயிற்று. பட்டணத்து வீடுகளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிறகு கேஸ் அடுப்பும் வர வர, சவுக்கு விறகுக்குக் கிராக்கி போயிற்று. விறகு போனதும் படகின் வருமானத்தில் பாதி போயிற்று என்று மாமா சொல்வார். உப்பை மட்டும் நம்பி, வருஷத்தில் சில மாதம் மட்டும் ஓடுகிற படகுக்குக் கலப்பத்துச் செலவுகூடக் கட்டுப்படியாகாது.

அதன் பிறகு சென்னையில் கழிவுநீர் கால்வாயை எடுத்துக்கொண்டது. ஆகாயத் தாமரை மூடிற்று. பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 1995-இல் சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது, பிறகு மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. ஒரு காலத்தில் படகோடு போட்டி போட்ட ரயில் இப்போது அதன் தலைமேலேயே ஓடுகிறது. எங்காவது ஒரு சரக்குப் படகு பத்திரமாக மிஞ்சியிருந்தாலும் பட்டணத்துக்குள் நுழையமுடியாது.

பிரான்சில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1879-இல் ஃபிரெய்சினே என்ற மந்திரி எல்லா லாக்குகளுக்கும் ஒரே அளவு என்று சட்டம் போட்டார், அதற்கேற்ப 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் 'பெனிஷ்' என்ற சரக்குப் படகுகளைக் கட்டினார்கள். நமக்கு ரயில் வந்த அதே 1879. அந்தப் படகுகளும் லாரியிடம் தோற்றன. ஆனால் தோற்றவை பல, ஆற்றங்கரையில் நிற்கும் வீடாக, ஹோட்டலாக, நாடகக் கொட்டகையாகக்கூட மாறின. மிதிக் கால்வாய் 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பாரிசில் இருக்கும் என் தங்கை மகன், ஸேன் நதியில் அப்படி ஒரு படகில் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். கரி ஏற்றிய படகாம். மேஜைமேல் உப்புக் குப்பி இருந்தது. நான் சொல்லப் போனதை அவன் கேட்கும் நிலையில் இல்லை.

பிரெஞ்சில் 'ரெத்ரேத்' என்ற சொல்லுக்கு ஓய்வு பெறுதல் என்றும் அர்த்தம், படை பின்வாங்குதல் என்றும் அர்த்தம். நம் படகுகளுக்குக் கிடைத்தது இரண்டாவது. பலகை நன்றாக இருந்தவற்றைப் பிரித்துக் கதவுக்கும் கட்டிலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எடுத்தார்கள். மற்றதை விறகாக எடைபோட்டு விற்றார்கள். அத்தனை வருஷம் விறகு சுமந்த படகு கடைசியில் தானும் விறகாயிற்று. சில, கட்டிய இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்து மக்கின. எழுபதுகளின் ஆரம்பத்தில் அப்படி ஒன்றின் விலாக் கட்டைகள் மட்டும் கழிக்கரையில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேலே நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கை காயவைத்துக்கொண்டிருந்தது.

படகுக்காரர்கள் என்ன ஆனார்கள்? நிலம் இல்லை, ஊர் என்று ஒரு நிலையான முகவரிகூட இல்லை; கால்வாய் ஓரமே ஊர். சிலர் உப்பளக் கூலி ஆனார்கள். சிலர் கழியில் இறால் பிடித்தார்கள். எண்பதுகளில், நான் எழுத்தராக இருந்தபோது, மனுநீதி நாளில் ஒரு மனு வந்தது. கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டிருந்த ஒருவர் மனைப் பட்டா கேட்டிருந்தார். பல வருஷம் குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவருடைய அப்பாவின் படகு லைசென்சு. படகின் எண், அளவு, எத்தனை பாரம் ஏற்றலாம் என்ற விவரம். அப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் பெருவிரல் ரேகை.

சட்டப்படி அது எதற்கும் ஆதாரம் ஆகாது. அது படகு மிதக்கலாம் என்பதற்கான அனுமதி. ஆள் குடியிருக்கலாம் என்பதற்கு அல்ல. தவிர, நீர்வழிப் புறம்போக்கு ஆட்சேபகரமான புறம்போக்கு. அதில் பட்டா கொடுக்கவே கூடாது. கூடாது என்பது சரியான விதி, இன்றும் நான் அந்த விதியின் பக்கம்தான். நீர்நிலைகளை வரிசையாகப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தால் 2004 டிசம்பர் 26-இல் என்ன ஆகியிருக்கும்? சுனாமித் தண்ணீர் உள்ளே வந்தபோது பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் அதைத் தாங்கி, வேகத்தைக் குறைத்து, கடலுக்குத் திருப்பி விட்டது. தூர்ந்து கிடந்த கால்வாயே இவ்வளவு செய்தது. எனவே மனுவை நிராகரிக்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஆனால் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஒன்று கேட்டார். "சார், படகு இருந்தவரைக்கும் இந்தக் கரையில நிக்க எங்கப்பன் கவுர்மெண்டுக்குப் பணம் கட்டினாரு. அது நின்ன அப்புறம் நாங்க ஆக்கிரமிப்பா?" பதில் சொல்ல என்னிடம் ஏதும் விதி இல்லை. வேறு இடத்தில் மனை கேட்டு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி, நானே எழுதியும் கொடுத்தேன். அது கிடைப்பதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

2008-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரை உள்ள கால்வாய்கள், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகள் எல்லாம் சேர்த்து 1078 கிலோமீட்டர், தேசிய நீர்வழி எண் 4. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் கழுவெளி ஏரி வருகிறது. பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திண்டிவனம் பக்கத்து ஏரி ஒன்று டில்லிச் சட்டத்தின் தலைப்பில் வருவது சின்ன விஷயமா? ஆங்கிலேயர் மரக்காணத்தோடு நிறுத்திய கால்வாயை, ஏரி வழியாக இன்னும் 22 கிலோமீட்டர் நீட்டிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோவது திட்டம். நடுவில் பிரெஞ்சு எல்லை இல்லாத காலத்தில் இது ஒன்றும் முடியாத காரியமல்ல. ஆனால் 2017-இல் முதல் கட்ட வேலைக்கு அடிக்கல் நாட்டியது கிருஷ்ணா ஆற்றில், விஜயவாடா பக்கம். நம் பக்கம் வரவில்லை.

அதற்குள் 2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. 5,151 ஹெக்டேர். பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. ஆக, ஒரே ஏரி ஒரு சட்டத்தில் சரக்குப் படகுக்கான வழி, இன்னொன்றில் நாரைக்கும் பூநாரைக்கும் அடைக்கலம். நானாக இருந்தால் பறவைக்கே என் ஓட்டு. கழியால் தள்ளிய பழைய படகும் பறவையும் ஒரே தண்ணீரில் இருந்தன. டீசல் எஞ்சின் வைத்த, ஆழம் தோண்டிய பாதையில் போகிற இரும்புப் படகோடு அது நடக்காது. ஆனால் மரக்காணத்துக்கு வடக்கே, பாலாறு வரைக்குமாவது கால்வாயைத் தூர்வாரி, உல்லாசப் படகு விடட்டும். முட்டுக்காட்டில் விடவில்லையா?

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி வடக்கே நடந்தால் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளுக்கு அப்பால் வேலிகாத்தான் புதருக்கு நடுவே நேர்கோடாக ஒரு தண்ணீர் தெரியும். இயற்கையான ஓடை அத்தனை நேராகப் போகாது, அதுதான் கால்வாய். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் துய்ப்ளேக்ஸுக்குக் கிடைத்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. அதன் உடைந்த மதிலில் ஏறினால் கழி முழுக்கக் கண்ணில் படும். மாசி, பங்குனியில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.